பொங்கலன்று, பதினொன்று நாற்பத்திரண்டு

அழகா இருக்குன்னா சொன்னிய? நல்லாச் சொன்னிய போங்க. அன்னா அந்தக் கருவேலங்காடு முடியுதுல்லா, அங்கனருந்து பாத்துட்டே வாங்க, ரெண்டு பக்கமும் இதேதான். சோலார் கண்ணாடி கண்ணாடியாச் சாச்சு வச்சிருக்கான். போன மாசம் இதே ரூட்டு பஸ்ஸுல ஒரு அம்மா, ஏரி மாதிரி மின்னுது பாருன்னு பிள்ளைக்குக் காட்டிட்டு வந்தா. ஏரியாம்! நீங்க கேட்டுட்டிய, அதனால சொல்லுதேன். எனக்கு அதைப் பாத்தா வயிறு எரியுது அண்ணாச்சி. பொய் சொல்லல, நெசமாவே இங்கன எரியுது. கோமதி அது அல்சர்ங்கா. கோமதி என் வீட்டுக்காரி.

நீங்க மதுரைக்கா? நானும் மதுரைக்குத்தான். மூணு மணிக்கு ஒரு விசாரணை. ஐயய்ய, போலீஸ் கேஸெல்லாம் இல்ல. கம்பெனி விசாரணை, ஒரு வக்கீல் ஆபீசுல வச்சு நடக்கு. நான் சாட்சி. சாட்சி மட்டுந்தான், அதை மனசுல வச்சுக்கிடுங்க. தப்புப் பண்ணினது வேற ஆளு.

கம்பெனி பேரு வேண்டாம். கடலோரத்துல நிலக்கரியை எரிச்சுக் கரண்டு எடுக்கிற எடம், அது போதும். நான் அங்க ஷிப்ட் இன்சார்ஜ். பேரு ஆறுமுகநயினார். நயினார் சார்னு சொன்னா வாசல்ல நிக்க செக்யூரிட்டி கூட எந்திரிச்சு வழி சொல்லுவான். கரண்டு வேலையில முப்பத்தோரு வருஷம், இந்த யூனிட்டுல மட்டும் பதினாலு. சித்திரை முடிய ரிட்டயர் ஆகுதேன். ஒரு மெமோ வாங்கினதில்ல. ஒண்ணு கூட இல்ல.

அந்தக் காலத்துல எங்களுக்கு இருந்த மரியாதையைச் சொல்லணும். மேலிடத்துல, எந்த நிலையம் எவ்வளவு கரண்டு குடுக்கணும்னு சொல்லுத ஆபீசு ஒண்ணு இருக்கு. அங்கருந்து போன் வரும். "நயினார் சார், இன்னும் கொஞ்சம் ஏத்த முடியுமா சார், தயவுசெஞ்சு சார்." கெஞ்சுவாங்க. ஊருபூரா கரண்டு கட்டு. கல்யாண வீட்டுல கரண்டு போனாலும் எங்களைத் திட்டுவான், பரீட்சைக்குப் படிக்க பிள்ளையும் எங்களைத் திட்டும். திட்டுனாலும் நாங்கதான வேணும்? நானும் பாய்லர் ஆபரேட்டரும் சோறு திங்காம நின்னு இன்னும் ஒரு பத்து மெகாவாட் ஏத்திக் குடுப்போம்.

அப்ப இந்தக் கண்ணாடி ஒரு விளையாட்டுச் சாமான். கால்குலேட்டர்ல ஒண்ணு இருக்கும், பஞ்சாயத்து தெருவிளக்குல ஒண்ணு இருக்கும், அதுவும் எரியாது. மேகம் வந்தா படுத்துக்கிடுத சாமானை வச்சு மிக்ஸி ஓட்டலாமான்னு எங்க பழைய ஜி.எம். கேப்பாரு. நாங்க சிரிப்போம். நல்லா ஞாபகம் இருக்கு, நாந்தான் எல்லாரையும் விடச் சத்தமாச் சிரிச்சேன். அவரு ரிட்டயர் ஆயி, இப்ப இந்தக் கண்ணாடிக் கம்பெனி ஒண்ணுக்கு ஆலோசகரா இருக்காரு. இருக்கட்டும். அவரு பாடு.

முதல்ல அங்கங்க ஒண்ணு ரெண்டு வந்துச்சு. அப்புறம் வருஷத்துக்கு வருஷம் மளமளன்னு. ஒரு லீவு முடிச்சு வந்து பாத்தா, போறப்ப மானாவாரியாக் கெடந்த நிலம் வரும்போது கண்ணாடியாக் கெடக்கு. கடைசியில என்ன ஆச்சு தெரியுமா? காலைல பத்து மணி ஆச்சுன்னா போன் வரும். "குறைங்க சார்." கெஞ்சல் இல்ல, ஒண்ணுமில்ல. வெயில் கரண்டு வந்துட்டா அதைத்தான் முதல்ல எடுக்கணுமாம், நாங்க வழி விடணுமாம். பத்து மணிக்கு ஒக்காரு, சாயங்காலம் ஆறு மணிக்கு எந்திரிச்சு ஓடு. சாயங்காலம் கண்ணாடியெல்லாம் செத்துப்போகும்லா, ஊருபூரா டிவி போடுவான், ஏசி போடுவான், அப்ப நயினார் சார் வேணும். முப்பத்தோரு வருஷம் ஆக்கிப்போட்ட பொம்பளையை, விருந்தாளி வந்தா உள்ள போ, விருந்தாளி போனா வெளிய வந்து பாத்திரத்தைக் கழுவுன்னு சொன்னா எப்படி இருக்கும்? அப்படி இருந்துச்சு எனக்கு.

சிரிக்காதிய. இன்னும் கேளுங்க. போன ஆடியில நான் டூட்டி முடிஞ்சு வீட்டுக்கு வாரேன், மொட்டை மாடியில ட்ரில் சத்தம். என்னன்னு பாத்தா ரெண்டு ஆளு கண்ணாடி மாட்டிட்டிருக்கான். என் வீட்டுல! கோமதி எனக்குச் சொல்லவே இல்ல. "ஒங்க கரண்டை முப்பது வருஷமாப் பாத்தாச்சு, ஒரு தீபாவளிக்காவது நேரத்துக்கு வீட்டுக்கு வந்தியளா"ங்கா. அதுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்? அவ பகல்பூரா ஏசியைப் போட்டுட்டு ஜம்முனு இருக்கா. ஞாயித்துக்கிழமையானா ஈரத்துணியை எடுத்துட்டு மேல ஏறி நாந்தான் தொடைக்கணும். காக்கா எச்சம் அண்ணாச்சி. முப்பத்தோரு வருஷ சர்வீஸுக்குக் கடைசியில காக்கா எச்சம்.

விசாரணைக்கு வாரேன். கொஞ்சம் பொறுங்க.

பாய்லர்ங்கிறதை ஒரு அடுப்புன்னு வச்சுக்கிடுங்க. பத்து மாடி உசரத்துக்கு அடுப்பு. கரியைப் பவுடராக்கி ஊதி விடுதோம், அந்தரத்துல நின்னு எரியும். முழுசா ஓடும்போது அதுக்கு ஒரு சத்தம் இருக்கு. கோயில் யானை மூச்சு விடுத மாதிரி, நிதானமா. அந்தச் சத்தத்தைக் கேட்டே உள்ள என்ன நடக்குன்னு சொல்லிருவேன் நான். ஆனா லோடைக் குறைச்சுக் குறைச்சுக் கொண்டு வந்தா, தீ ஆட ஆரம்பிச்சிரும். அணையப் பாக்கும். அப்ப ஆயில் கன்னு ஒண்ணு இருக்கு, அதைப் போட்டு எண்ணெயை உள்ள பீச்சணும். ஈர விறகு எரியலன்னா ரெண்டு சொட்டு மண்ணெண்ணெய் விடுதோம்லா, அதேதான். போடாட்டி தீ அணைஞ்சிரும். அணைஞ்சா யூனிட்டே நின்னுரும்.

இப்ப விஷயம் என்னன்னா, பொங்கல் அன்னைக்கு அந்த எண்ணெயைப் போடல. போடவேண்டியது யாரு? டெஸ்க்குல உக்காந்திருக்க இன்ஜினியர். அது யாரு? ஜெபமலரு. அவ போடல, தீ அணைஞ்சு போச்சு. அவமேல விசாரணை. அவ்வளவுதான் கதை.

நல்ல பிள்ளைதான். இல்லன்னு சொல்லமாட்டேன். உப்பளத்துக்காரர் மக, படிச்சு வேற ஒரு நிலையத்துல வேலை பாத்துட்டு, நாலு வருஷம் முன்னால எங்க ஷிப்டுக்கு வந்தா. அங்கயும் இதே மாதிரி லோடைக் குறைச்சுக் குறைச்சு ஓட்டிப் பழக்கம் போல. வந்த மறு மாசமே ஒரு அட்டையில சிவப்பு மையால எழுதி டெஸ்க்குக்கு மேல ஒட்டிட்டா. இத்தனைக்குக் கீழ வந்தா ஒரு கன், இத்தனைக்குக் கீழ வந்தா ரெண்டு கன். பெரிய எழுத்துல. எனக்கு ஒரு மாதிரியாப் போச்சு. கம்பெனி புஸ்தகத்துல உள்ளதுதான், இல்லங்கல. ஆனா யாருக்குப் பாத்து எழுதி ஒட்டுதா? எனக்குத் தெரியாததையா? ஆனாலும் அதைக் கிழிக்கல நான். அவ புருஷனுக்கு முதுகுல ஆபரேஷன் ஆயி ரெண்டு வருஷமா வீட்டோட இருக்கான். கைப்பிள்ளை ஒண்ணு. அவ சம்பளத்துலதான் குடும்பம் ஓடுது. அதெல்லாம் தெரிஞ்சுதான் நானும் விட்டுக்குடுத்துப் போனேன்.

அந்த எண்ணெயில ஒரு சங்கதி இருக்கு. எங்க கம்பெனியில குடியரசு தினத்தன்னைக்குக் கொடி ஏத்தினதும் ஒரு கேடயம் குடுப்பாங்க. எண்ணெய்ச் சிக்கனக் கேடயம். எந்த ஷிப்டு கொறச்சலா எண்ணெய் எரிச்சிருக்கோ அதுக்கு. மத்த ஷிப்டுக்காரன் மத்தியானம் ஆச்சுன்னா பயந்துக்கிட்டு எண்ணெயைப் பீச்சிருவான். நான் பீச்சமாட்டேன். நவம்பர் மாசத்துல இருந்து எங்க ஷிப்டு ஒரு சொட்டு எரிக்கல. தீயோட சத்தத்தைக் கேட்டே ஓட்டினேன். கேடயம் எங்களுக்குத்தான்னு கேன்டீன் மாஸ்டர் வரைக்கும் தெரியும். ரிட்டயர் ஆகுறதுக்கு முன்னால கடைசிக் குடியரசு தினம். கேடயத்துக்கு ஆசைப்பட்டேன்னு நெனச்சிராதிய. மரக்கட்டையில ஒட்டின பித்தளைத் தகடு. அதை வச்சு என்ன செய்ய? ஷோகேஸுல எடம் பாத்து வச்சிருந்தேன், அது வேற.

பொங்கல் அன்னைக்குக் காலை ஷிப்டு. விடியமுன்ன கோமதி பொங்கல் வச்சா. பால் பொங்கிச்சு, கிழக்கால பாத்துக் கும்பிட்டேன். எந்தச் சூரியன் எங்க வேலையைக் கெடுக்கோ அதே சூரியனை! கும்பிட்டுட்டுத்தான் டூட்டிக்கு வந்தேன். மேகம் பேருக்குக் கூட இல்ல. ஒரு மில்லு ஓடல, ஒரு பேக்டரி ஓடல, ஊருபூரா லீவு. கரண்டு வாங்க ஆளு இல்ல, வெயிலு மட்டும் முழுசா அடிக்கு. பதினொன்றரைக்குப் போன். "நாப்பது சதவீதத்துக்கு வாங்க சார்." அவ்வளவு கீழ அந்த யூனிட்டு அதுக்கு முன்ன போனதே இல்ல. "என்ன தம்பி, பொங்கலும் அதுவுமா?"ன்னு கேட்டேன். "பொங்கல்ங்கிறதாலதான் சார்"ங்கான்.

எறக்கினோம்.

நான் எங்க இருந்தேனா? அது வந்து, விசாரணைக்கு எழுதிக் குடுத்ததுல கேன்டீனுக்குப் போயிருந்தேன்னு எழுதியிருக்கேன். கேன்டீன்ல அன்னைக்குச் சக்கரைப் பொங்கல் போட்டாங்க. நான் போனது உண்மை, கேன்டீன் ஆளுங்க பாத்திருக்காங்க. பத்தே முக்காலுக்குப் போயிட்டு பதினோரு மணிக்கு வந்துட்டேன். எழுதும்போது பதினொன்றரைக்குப் போனேன்னு வந்துட்டு. முக்கா மணி நேரம் முன்ன பின்ன. ஒரு மனுசன் எல்லாத்தையும் மணி பாத்தா திங்கான்?

அதனால அவ கேட்டது என் காதுல விழுந்துச்சு, அதைச் சொல்லணும். "சார், நாப்பத்தஞ்சு வந்துட்டு, கன் போட்டுரவா"ன்னு கேட்டா. பொறுன்னேன். பொறுன்னுதான் சொன்னேன், போடாதன்னு சொல்லல. ரெண்டும் வேற வேற இல்லியா? அவ திருப்பியும் கேட்டா. "சார், தீ ஆடுது, கேமராவுல பாருங்க." நான் கேமராவை எதுக்குப் பாக்கேன்? எனக்குச் சத்தம் தெரியும். அன்னைக்குன்னு பாத்து, ஏசி மெஷின் பழுதாயி கன்ட்ரோல் ரூமுல ரெண்டு பெரிய ஃபேன் ஓடிச்சு. சத்தம் சரியாக் கேக்கல. அது என் தப்பா?

பதினொன்னு அம்பத்தஞ்சுக்கு தீ அணைஞ்சு போச்சு.

நீங்க பாத்ததில்ல அண்ணாச்சி. டெஸ்க்குல உள்ள அத்தனை அலாரமும் சேந்து கத்தும். வெளிய நீராவியைத் தொறந்து விடுத சத்தம் கடல்ல மீன்பிடிக்கிறவன் வரைக்கும் கேக்கும். அப்புறம் கொஞ்ச நேரத்துல ஒரு அமைதி வரும் பாருங்க, அதுதான் கொடுமை. பதினாலு வருஷமா மூச்சு விட்டுட்டிருந்தது மூச்சை நிறுத்தின மாதிரி. நான் நாற்காலியைப் பிடிச்சுட்டு நின்னேன். ஜெபமலரு ஒரு நொடி கூடச் சும்மா உக்காரல, செய்யவேண்டியதை ஒண்ணு ஒண்ணாச் செஞ்சா. சாயங்காலம் திருப்பிப் பத்த வைக்கும்போது உள்ள ஒரு குழாய் வெடிச்சிட்டு. சூடு ஏறி எறங்கி ஏறி எறங்கி, ஏற்கெனவே நைஞ்சு போன குழாய். ஒம்பது நாள் யூனிட்டு நின்னுச்சு. திருப்பிப் பத்த வைக்க ஊத்தின எண்ணெய் பூரா எங்க ஷிப்டு கணக்குல ஏறி, கேடயம் சி ஷிப்டுக்குப் போயிட்டு. தினமும் எண்ணெயைக் கொட்டினவனுக்கு!

ஒம்பது நாள் நின்னா மேல கேக்கமாட்டானா? ஒரு ஆளைக் காட்டணும்லா? சூரியன்மேல மெமோ குடுக்க முடியுமா?

எங்ககிட்ட ரெண்டு நோட்டு உண்டு. ஒண்ணு லாக் புக்கு. ஷிப்டு முடியும்போது நிதானமா, அழகா எழுதி டெஸ்க் இன்ஜினியர் கையெழுத்துப் போடணும், கீழ நான் போடணும். இன்னொண்ணு பென்சில் நோட்டு. ஓடிட்டு இருக்கும்போது அப்பப்ப கிறுக்கி வைக்கிறது. அதுக்குக் கம்பெனியில பேரே கிடையாது, கணக்குலயே கிடையாது. இன்சார்ஜ் என்ன சொல்லுதாரோ அதைத்தான் பென்சில் நோட்டுல இருந்து லாக் புக்குக்கு ஏத்தணும், எல்லா ஷிப்டுலயும் இதான் வழக்கம். அன்னைக்கு நான் சொன்னேன், "தீ அணைந்தது, காரணம் ஆராயப்படுகிறது"ன்னு எழுதும்மா போதும்னு. அவ என் மொகத்தைப் பாத்தா. எழுதினா. அவளே கையெழுத்துப் போட்டா. யாரும் கையைப் பிடிச்சு எழுத வைக்கல.

பென்சில் நோட்டுல அவ கிறுக்கி வச்சிருந்தா. பதினொன்னு நாப்பத்திரண்டு, கன் போடவான்னு கேட்டேன், பொறு என்றார். பதினொன்னு நாப்பத்தெட்டு, திரும்பக் கேட்டேன், வேண்டாம் என்றார். இந்த மணி பாக்கிற புத்தி இருக்கு பாருங்க அந்தப் பிள்ளைக்கு!

அந்த நோட்டு இப்ப எங்கன்னா கேக்கிய? பென்சில் நோட்டு முடிஞ்சா நாங்க குப்பையில போடமாட்டோம். வெளி ஆளு கையில கிடைக்கக்கூடாதுன்னு கரி போற பெல்ட்டுல போட்டுருவோம், அது நேரா பாய்லருக்குள்ள போயி எரிஞ்சிரும். இதுவும் வழக்கந்தான், நான் கண்டுபிடிச்சதில்ல. பத்தாம் நாள் யூனிட்டைத் திருப்பி ஓட விட்டோம்லா, அன்னைக்கு அதையும் போட்டேன். இன்னும் ஒரு நாப்பது பக்கம் பாக்கி இருந்துச்சு. இருந்தா என்ன? அட்டை கிழிஞ்சு கெடந்துச்சு. போட்டுட்டேன்.

ஏன் அப்படிப் பாக்கிய? நான் சொல்லுதது ஒங்களுக்குப் புரியல. தப்பு யாரு பண்ணினா? இந்தா, வெளிய பாருங்க, மின்னிட்டிருக்குல்லா, அதுதான் பண்ணிச்சு. அது இல்லன்னா எவன் நாப்பதுக்கு வரச் சொல்லுவான்? அது இல்லன்னா எண்ணெய் எதுக்கு, கேடயம் எதுக்கு? நானும் அந்தப் பிள்ளையும் நிம்மதியா முழு லோடுல ஓட்டிட்டு, சக்கரைப் பொங்கலைத் தின்னுட்டு வீட்டுக்குப் போயிருப்போம். அதைத்தான் விசாரணையில சொல்லப்போறேன். யாரையும் குத்தம் சொல்லமாட்டேன். நான் கேன்டீன்ல இருந்தேன், எனக்குத் தெரியாது, இந்த வெயில் கரண்டு வந்ததுல இருந்து சின்னப் பிள்ளைகளுக்குக் கஷ்டந்தான், பாத்து நடவடிக்கை எடுங்கன்னு சொல்லுவேன். அவளுக்கு இருவத்தொம்பது வயசு. வேலை போனாலும் இந்தக் கண்ணாடிக் கம்பெனிக்காரனே கூப்பிட்டு வேலை குடுப்பான். எனக்கு யாரு குடுப்பா?

ஒரு நிமிஷம். போன் அடிக்கு.

அவதான். ஆமா, அவளேதான்.

சொல்லும்மா. சாப்பிட்டாச்சு. பஸ்ஸுலதான் வாரேன். எட்டயபுரம் தாண்டியாச்சு. நீ வந்துட்டியா? அதுக்குள்ளயா? சாப்பிட்டியா? ம். ம். எதை? எப்ப எடுத்த? ம். இல்லம்மா, நான் ஒண்ணும் நெனைக்கல. சரி. சரிம்மா. பிள்ளைக்குக் காய்ச்சல் விட்டுட்டா? சரி, வச்சிரு.

ஏ அப்பா.

கேட்டியளா அண்ணாச்சி? அந்தப் பக்கத்தை அவ போட்டோ எடுத்து வச்சிருக்காளாம். பென்சில் நோட்டுல அந்தப் பக்கத்தை. அன்னைக்கே, ஷிப்டு முடியும்போதே எடுத்துட்டாளாம். இத்தனை நாளும் யாருக்கும் காட்டலியாம். என்ன சொல்லுதா தெரியுமா? "சார், நீங்களே சொல்லிட்டா நான் அதைக் காட்டவே மாட்டேன். ரிட்டயர் ஆகுற நேரத்துல ஒங்க பேரு கெடக்கூடாது. பொறுன்னு சொன்னேன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க சார், போதும். மிச்சத்தை நான் பாத்துக்கிடுதேன்." எப்படி மிரட்டுதா பாத்தியளா?

மிரட்டல் மாதிரி தெரியலியா ஒங்களுக்கு?

சரி. இருக்கலாம். கோவமாப் பேசல அவ. நீங்க சொல்லுதது சரிதான், குரல்ல கோவமே இல்ல. அதுதான் எனக்குத் தாங்கல அண்ணாச்சி. கத்தியிருந்தா நானும் கத்தியிருப்பேன். சாப்பிட்டியளா சார்னு என்னை முதல்ல கேட்டா.

சொல்லிரலாம். ஒரு வார்த்தைதான. பொறுன்னு சொன்னேன். சொல்லிட்டா என்ன ஆயிரும்? தலையையா வாங்கிருவான்? ஆனா அவன் அதோட விடமாட்டான் அண்ணாச்சி. பொறுன்னு சொன்னிய, சரி, அப்புறம் என்ன ஆச்சுன்னு கேப்பான். விசாரணை நடத்துத வக்கீலு அப்படிப்பட்ட ஆளு. அப்புறம் அவ கன் போடுத பட்டன்கிட்ட கையைக் கொண்டுபோனா. நான் அந்தக் கையை எடுத்து அங்கிட்டு வச்சேன். தட்டிவிடல. லேசாத்தான் எடுத்து வச்சேன். "கையை எடு, எனக்குத் தெரியும்"னு சொன்னேன். அதை அவ நோட்டுல எழுதல. போன்லயும் சொல்லல. ஏன் எழுதலன்னு எனக்கு இன்னைக்கு வரைக்கும் தெரியல.

சித்திரையில எனக்கு வழியனுப்பு விழா. பந்தலுக்கு ஆள் சொல்லியாச்சு. என் மக பெங்களூருல இருந்து வாரா, மருமகன் வாரான், சம்பந்தி வீட்டுக்காரங்க வாராங்க. முப்பத்தோரு வருஷத்துல ஒரு கரும்புள்ளி இல்லாத மனுசர்னு ஜி.எம். மைக்கைப் பிடிச்சுச் சொல்லப்போறாரு. அந்த ஒரு வரியைக் கேக்கத்தான் நான் இத்தனை வருஷமா அந்தக் கரித்தூசியைத் தின்னேன். கோமதி முன்வரிசையில உக்காந்து அதைக் கேக்கணும். அது தப்பா? நீங்களே சொல்லுங்க.

போட்டோ...

இருங்க. இருங்க அண்ணாச்சி. கன்ட்ரோல் ரூமுக்குள்ள போனே கொண்டு வரக்கூடாதுல்லா! வாசல்ல பெட்டி வச்சிருக்கு, எல்லாரும் அதுல போட்டுட்டுத்தான் உள்ள போகணும். ஜி.எம். வந்தாலும் போட்டுட்டுத்தான் வருவாரு. உள்ள வச்சுப் போட்டோ எடுத்தா நேரா டிஸ்மிஸ், விசாரணையே கிடையாது. கைப்பிள்ளைக்கு அடிக்கடி சொகமில்லாமப் போகுதுன்னு கெஞ்சினா, அவசரத்துக்கு வீட்டுல இருந்து கூப்பிடுவாங்கன்னு சொன்னா. சரி, சத்தத்தை அமத்திப் பைக்குள்ள வச்சுக்கோ, யாருகிட்டயும் சொல்லாதன்னு நாந்தான் விட்டேன். வாய் வார்த்தையாத்தான். எழுத்துல ஒண்ணும் கிடையாது.

ஒரு நிமிஷம், எங்க ஜி.எம்.முக்கு ஒரு போன் பேசிக்கிடுதேன்.

வணக்கம் சார், நயினார் பேசுதேன். வந்துட்டிருக்கேன் சார். ஒரு முக்கியமான விஷயம், விசாரணைக்கு முன்னால ஒங்க காதுல போடணும்னு தோணிச்சு. அந்தப் பிள்ளை கன்ட்ரோல் ரூமுக்குள்ள வச்சுப் போட்டோ எடுத்திருக்கு சார். ஆமா, போன்ல. கன்ட்ரோல் டெஸ்க்கையே எடுத்திருக்கு. எனக்கும் இப்பத்தான் தெரியும், அவ வாயாலயே சொன்னா. நான் அனுமதி குடுக்கிறதாவது? என்ன சார் நீங்க, என்னை இத்தனை வருஷமாப் பாக்கிய. வேற என்னென்ன எடுத்திருக்கோ, யாருக்கு அனுப்பியிருக்கோ, தெரியல. ஆமா சார். கம்பெனி பாதுகாப்பு இருக்குல்லா, அதான் சொன்னேன். உள்ள போனதும் முதல்ல போனை வாங்கி வச்சிரச் சொல்லுங்க. சரிங்க சார். சரிங்க. வச்சிருதேன்.

அப்பாடா. வயித்துல இருந்து ஒரு கல்லை எறக்கின மாதிரி இருக்கு. அதைக் காட்டினா அவளே மாட்டிக்கிடுவா, காட்டாட்டி ஒண்ணுமே இல்ல. இனிமே நான் ஒரு வார்த்தையும் சொல்லவேண்டாம். பாவம், அவளுக்கும் ஒரு பாடமா இருக்கட்டும்.

என்ன அண்ணாச்சி, எந்திரிச்சிட்டிய? அருப்புக்கோட்டை கூட இன்னும் வரலியே. மதுரைக்குன்னுலா சொன்னிய? ஓ, அந்த சீட்டுக்கா? எதுக்கு? இங்கன தாராளமா எடம் இருக்கே, நான் வேணா நகந்துக்கிடுதேன். அண்ணாச்சி, அந்தப் பக்கம் பூரா வெயில்லா அடிக்கு. மதுரை வரைக்கும் அடிக்கும். கண்ணைத் தொறக்க முடியாது.

அண்ணாச்சி, ஒங்களைத்தான்.